கேட்பதற்கு முன்னால் வரும் பதில்

அந்த பஸ் கண்டக்டர் நின்றுகொண்டுதான் பேசுவார். நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அதில் தன் பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் உட்கார வைத்துவிட்டு, கால்களைக் கொஞ்சம் அகட்டி, ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போன் பேசுவார். கட்டடம் எங்கேயும் போகாது, உட்காருங்கள் என்று பக்கத்து மேஜைக்காரர் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "இருபத்தாறு வருஷம் ஓடற வண்டியில நின்ன காலு சார். உக்காந்தா எனக்குப் பேச்சே வராது" என்று பதில் வந்தது.

தொற்று பரவி பஸ்களை நிறுத்தியபோது, கண்டக்டர்களில் வாய் உள்ள சிலரைப் பொறுக்கி சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். இவரைப் பொறுக்க அதிக நேரம் பிடித்திருக்காது. கூட்டம் நடத்துகிற கூடத்தில் பன்னிரண்டு மேஜை, பன்னிரண்டு போன். வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்களைத் தினமும் அழைத்து ஒன்பது கேள்வி கேட்க வேண்டும். காய்ச்சல், இருமல், மூச்சு, சாப்பாடு என்று போய், ஒன்பதாவதாக மனநிலை. அதற்கு மூன்று கட்டங்கள்: நன்று, சுமார், மோசம். ஆளுக்கு மூன்று நிமிடம். மீறினால் மேற்பார்வையாளர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டுவார்.

பஸ் குரல் அவரை விட்டுப் போகவில்லை. "காய்ச்சல் இருக்கா, காய்ச்சல்? இருமல் யாருக்கு?" என்று ஒரே ஆளிடம் ஒரு கூட்டத்தைக் கேட்பது போலக் கேட்பார். முடிக்கும்போது, "வீட்ல பாக்கி யாரு? இன்னும் யாராவது இருக்கீங்களா?" அந்தப் பக்கம் சிரித்துவிடுவார்கள். நோயாளி சிரித்தால் அவருக்கு அன்றைய சம்பளம் செரித்த மாதிரி.

அவருடைய பட்டியலில் எல்லா வயதும் உண்டு. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, அம்மாவின் போனைப் பிடுங்கிக்கொண்டு, தன்னையும் ஒன்பது கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்பாள். அவளுக்கு மூச்சு இருக்கிறதாம், பொம்மைக்குத்தான் இருமலாம். ஒருநாள் அவளுக்காகச் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். கூடத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வயது மெக்கானிக் ஒருவர், "ஒரு ரூம்ல நாலு பேரு சார், பொண்டாட்டியோட சண்டை போடக்கூட இடமில்ல" என்று புலம்புவார். மனைவியை இழந்த ஒரு பெரியவர் அன்றைய குறுக்கெழுத்தில் முடியாத கட்டங்களை இவருக்காக மிச்சம் வைத்திருப்பார்.

பெரியவர்களைத்தான் முதலில் அழைப்பார். அது அலுவலக விதி இல்லை, பஸ் விதி. "வயசானவங்களுக்கு சீட்டு குடுக்கணும். இளவட்டம் படியில தொத்திக்கிட்டே வந்துடும்" என்பார். மூன்று நிமிடம் அவர்களுக்குப் போதாது. அதனால் இளவட்டங்களின் நிமிடங்களை எடுத்து இவர்களுக்குக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இளைஞர்களின் முறை. "எப்படி இருக்கீங்க?" "ஓகே சார்." "நல்லது." இருபது வினாடி. ஒரு டிக். அடுத்தது. இதில் அவரைத் தனியாகக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நாட்களில் நாம் எல்லோரும் பெரியவர்களை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தோம்.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. டீ குடிக்கும் நேரத்தில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவார்: தன் வண்டியில் டிக்கெட் இல்லாமல் ஒருத்தன் இறங்கியதில்லை. எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டால் போதும், டீ ஆறிப்போகும். "வாங்கினவன் நம்ம மூஞ்சியவே பாக்க மாட்டான், அவன் பாட்டுக்கு வேடிக்கை பாத்துட்டு வருவான். வாங்காதவன் இருக்கான் பாருங்க, நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே 'வாங்கியாச்சு'ம்பான். கேக்கறதுக்கு முன்னால பதில் வந்தா, அங்க நில்லு. அவ்வளவுதான் தொழில் ரகசியம்."

பட்டியலில் எழுபத்தாறு வயது நர்ஸம்மா ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வருடம் வார்டில் இருந்து ஓய்வு பெற்றவர். இவர் கேள்வி கேட்டால் அவர் திருப்பிக் கேட்பார். முகக்கவசத்தை எத்தனை மணிக்கு ஒருதரம் மாற்றுகிறீர்கள், கண்ணாடியைத் துடைக்கிறீர்களா, நின்றுகொண்டே பேசினால் கால் வீங்காதா. அதே வீட்டு மாடியில் இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதம். மூன்றாவது மாதம் தொற்று. ஒரு அறை, ஒரு லேப்டாப், ஒரு கதவு. அவளும் இவருடைய பட்டியலில்தான், ஆனால் கடைசிப் பக்கத்தில்.

பன்னிரண்டாம் நாள் காலையில் நர்ஸம்மா, எட்டாவது கேள்வியிலேயே அவரை நிறுத்தினார்.

"நேத்து என்கிட்ட எவ்வளவு நேரம் பேசினீங்க தெரியுமா? பன்னெண்டு நிமிஷம்."

"அதனால என்னம்மா, உங்களுக்கில்லாத நேரமா."

"எனக்குப் பேச ஆள் இருக்கு. காலைல என் தங்கச்சி. சாயங்காலம் என்னோட வார்டுல இருந்தவங்க நாலு பேரு. தனியா இருந்து எனக்குப் பழக்கம். மாடியில இருக்காளே, அந்தப் பொண்ணுகிட்ட எவ்வளவு நேரம் பேசினீங்க?"

அவர் தாளைப் புரட்டினார். "அவங்க நல்லா இருக்காங்கம்மா."

"யாரு சொன்னா?"

"அவங்கதான்."

"ரெண்டு நாளா படிக்குக் கீழ வச்ச சாப்பாட்டு டப்பா அப்படியே கெடக்கு. மேல தண்ணி விழற சத்தம்கூட இல்ல. எப்ப போன் பண்ணினாலும் 'தூங்கறேன் ஆன்ட்டி'ங்கறா. நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன், அது தூக்கம் இல்ல."

போனை வைத்துவிட்டு அவள் பெயருக்கு நேரே விரலை ஓட்டினார். பதினொரு நாள், பதினொரு 'நன்று'. ஒவ்வொரு நாளையும் நினைத்துப் பார்த்தார். ஒன்பதாவது கேள்வியை அவளிடம் ஒருநாளாவது முழுதாகக் கேட்டு முடித்திருக்கிறாரா? "மனசு..." என்று ஆரம்பிப்பார், அதற்குள் "எல்லாம் ஓகே சார்" வந்துவிடும். பதினொரு நாளும் கேட்பதற்கு முன்னால்தான் பதில் வந்திருக்கிறது. இருபத்தாறு வருடம் தொழில் ரகசியம் பேசிய மனிதர், தலையை ஆட்டி டிக் போட்டுக் கடந்து போயிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விட அதிகமாகப் பயமாக இருந்தது. இரண்டு நாள் சாப்பிடாமல், பூட்டிய அறைக்குள், இந்த நேரத்தில் அவள் எப்படி இருக்கிறாள் என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

முதல் அழைப்பை அவள் எடுக்கவில்லை. இரண்டாவதையும் எடுக்கவில்லை. மூன்றாவது அழைப்பு முடியப்போகும் நேரத்தில் குரல் வந்தது.

"எல்லாம் ஓகே சார்."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியேம்மா."

போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்துக்கொண்டார்.

"கடைசியா என்ன சாப்பிட்டீங்க?"

"ஞாபகம் இல்ல சார்." பிறகு, "எந்திரிக்கணும்னே தோணல. எதுக்கு எந்திரிக்கணும்னு இருக்கு."

"வீட்ல சொன்னீங்களா?"

"அம்மாகிட்ட தினம் பேசறேன். ஓகேன்னு சொல்லிடுவேன். அவங்களே பிபி மாத்திரை போட்டுட்டுப் பயந்து கெடக்காங்க. எனக்கென்ன சார், இருபத்துமூணு வயசு. இந்த வயசுல இதைச் சொன்னா யாராவது கேப்பாங்களா?"

"வைக்காதீங்க. லைன்லயே இருங்க. நான் நடந்துட்டே பேசறேன்" என்றார். மனநல டாக்டரம்மாவின் அறை அதே கட்டடத்து நடைபாதையின் அந்தக் கோடியில். அதுவரை அவள் போனை வைத்துவிடக் கூடாதே என்று வாய்க்கு வந்ததைப் பேசினார். தன் வண்டியின் எண்ணைச் சொன்னார், நிறுத்தங்களை வரிசையாகச் சொன்னார், எந்த நிறுத்தத்தில் யார் ஏறிச் சண்டை பிடிப்பார்கள் என்று சொன்னார். அவள் "ம்" என்றாள். இன்னொரு "ம்" என்றாள். டாக்டரின் மேஜைக்கு எதிரே போய் நின்று போனை நீட்டினார்.

டாக்டர் நாற்பது நிமிடம் பேசினார். சாயங்காலம் மருந்து போனது. நர்ஸம்மா மாடிப்படிக்குக் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, டப்பாவை எடுக்கும்வரை நகரமாட்டேன் என்று மேலே பார்த்துச் சத்தம் போட்டார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது.

மறுநாள் நடைபாதையில் டாக்டரை மறித்து, "என் தப்புதானே டாக்டர்?" என்று கேட்டார்.

"தப்புதான்" என்றார் அவர். "இனிமே கேள்வியை முழுசா கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் இருங்க. மருந்தை நான் பாத்துக்கறேன்."

பட்டியலின் வரிசை மாறியது. குறுக்கெழுத்துப் பெரியவருக்கு முதலில் மனத்தாங்கல். விஷயத்தைச் சொன்னதும், "அப்ப அந்தப் பொண்ணையே முதல்ல கூப்பிடுங்க, எனக்கென்ன, கட்டம் எங்கயும் ஓடிடாது" என்று இறங்கி வந்தார். இளைஞர்கள் ஒவ்வொருவரையும் இவர் மறுபடி அழைத்தார். எட்டுப் பேரில் மூன்று பேர் ஓகே இல்லை. அதில் ஒருவன் ஒரு வாரமாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அதிலிருந்து ஐந்தாவது நாள் காலை, முதல் அழைப்பு மாடிப் பெண்ணுக்கு. காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டிருக்கிறாள். எட்டுக் கேள்வி ஆனது.

"மனசு எப்படிம்மா இருக்கு?"

பதில் உடனே வரவில்லை. அவர் காத்திருந்தார். அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"சார்..."

"சொல்லுங்க."

"இன்னிக்கு... எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மேற்பார்வையாளர் வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "நாலு நிமிஷம் ஆயிடுச்சு" என்று கடிகாரத்தைத் தட்டினார்.

"மெதுவா சொல்லுங்கம்மா" என்று போனில் சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, வண்டியை நிறுத்தச் சொல்கிற மாதிரி உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.