கோப்பிப் பேணிக்குள் தேயிலை

அந்தப் பொதி மெல்பேர்னில் எங்கள் கிளேட்டன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு நாள் கிடந்தது. சிறிய தலையணை அளவு. வெள்ளைத் துணியால் சுற்றி, நான்கு பக்கமும் தடித்த நூலால் நெருக்கமாகத் தைத்து, மேலே நீல மையில் கிரேக்க எழுத்தில் ஒரு பெயர். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைத் தூக்கிப் பார்ப்பேன், அமத்திப் பார்ப்பேன். ஒருமுறை காதோடு வைத்து ஆட்டினேன். உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. கோப்பித் தூள் கிலுகிலுக்காது என்பது யாருக்கும் தெரியும். தந்தவரோ கோப்பி, சவர்க்காரம், இரண்டு உடுப்பு என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு, கேட்காமலேயே, உடைக்க வேண்டாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசிச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

தந்தவர் என்னுடைய பழைய சூப்பர்வைசர். நான் அகதியாக வந்து, விசா முடிவுக்குக் காத்திருந்த காலத்தில், டண்டினோங் பக்கம் ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடம் வேலை செய்தேன். அங்கே துணி மடிக்கும் பகுதி முழுவதும் அவருடைய ஆட்சி. இருபது வயதில் ஏதோ ஒரு கிரேக்கத் தீவிலிருந்து கப்பலில் வந்த பெண். குள்ளம், கறுப்புச் சட்டை, சிரிப்பே கிடையாது. பின்னேரம் வேலை முடிந்தால் வாசலில் ஒரு மேசை போட்டு நிற்பார். ஒவ்வொருவருடைய பையையும் வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பார். என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மிச்சச் சோற்றைக் கரண்டியால் கிளறிப் பார்த்த நாட்களும் உண்டு. சோற்றுக்குள் யார் தலையணை உறை ஒளிப்பார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நான்கு வருடத்தில் நான் ஒரு கைக்குட்டை எடுத்தவன் இல்லை. ஆனாலும் என் முறை வருமுன்பே பையின் ஸிப்பைத் திறந்து பிடிப்பேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த அவமானம் இறங்காது. பிறகு படித்து, வேறு வேலைக்குப் போய், வீடு வாங்கிய பின்னும் ஓக்லி சந்தையில் அவரைக் கண்டால் கை தானாகவே பையின் ஸிப்பைத் தேடும்.

அந்தச் சந்தையில்தான் எங்கள் பயணக் கதையை அவரிடம் சொன்னேன். ஜெர்மனியில் மச்சாளின் மகளுக்குக் கல்யாணம். அதைச் சாட்டாக வைத்து, படங்களில் வரும் வெள்ளை வீட்டுத் தீவைப் பார்க்க வேண்டும் என்று என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். கிரேக்க நாடு அப்போது கடனில் மூழ்கி, வங்கிகள் கதவைச் சாத்தியிருந்த நேரம். மலிவாகப் போய்வரலாம் என்று நானும் கணக்குப் போட்டேன், அதை மறைக்க மாட்டேன். சூப்பர்வைசரின் முகம் மாறியது. வெள்ளை வீட்டுத் தீவிலிருந்து கப்பலில் ஐந்து மணித்தியாலத்தில் அவருடைய தீவு. அங்கே ஒரு தம்பி இருக்கிறார். தபாலில் போடும் பொதிகள் போய்ச் சேருவதில்லையாம். நான் கொண்டுபோய்க் கொடுப்பேனா என்று கேட்டார். அந்த மனுசி யாரிடமும் எதையும் கேட்டு நான் கண்டதில்லை. தலையாட்டிவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு ஊருக்குப் போகிறவரிடம் பொதி கொடுத்துவிடுவது மூச்சுவிடுவது மாதிரி. கொண்டுபோகிறவன் அதை உடைத்துப் பார்ப்பதும் அதே அளவு வழக்கம். நேரே சொல்ல மாட்டோம், ஆனால் எல்லோரும் செய்வோம். சண்டைக் காலத்தில் கொழும்பிலிருந்து அம்மாவுக்கு வந்த பொதியைச் சோதனைச் சாவடியில் பிரித்து, மூச்சிழுப்புக்கான தொய்வு மருந்தை எடுத்துவிட்டு, பிஸ்கட்டை மட்டும் போக விட்டார்கள். அம்மா அந்த மாரி முழுவதும் கதிரையில் இருந்தபடிதான் நித்திரை கொண்டா. அப்படி வளர்ந்தவனுக்குத் தைத்த துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது.

மூன்றாம் நாள் மனைவியைக் கொண்டு தையலைப் பிரித்தேன். சவர்க்காரம் இருந்தது, உடுப்பு இருந்தது, ஒரு பெரிய தகரக் கோப்பிப் பேணியும் இருந்தது. கோப்பியைக் கிண்டினால், அடியில் பிளாஸ்டிக் பையில் குளிசைப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆளின் பெயர். ஐந்து பேருடைய மருந்து, கோப்பிக்குள் ஒளித்து, பொய் சொல்லி, ஒரு முன்னாள் அகதியின் கையில். இதைக் கொண்டு விமான நிலையத்தில் பிடிபட்டால் யாருடைய கடவுச்சீட்டு போகும்? மருந்துத் தட்டுப்பாட்டில் விற்றுக் காசு பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். என் சோற்றைக் கிளறியவர் கள்ளக் கடத்தல்காரியா என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. மனைவி மட்டும், நோய்க்காரர் யாராவது இருப்பார்கள், ஃபோன் எடுத்துக் கேளுங்கள் என்றாள். கேட்டால் உடைத்தது தெரிந்துவிடுமே என்றேன். போத்தல்களைத் தையல் மெசினின் இழுப்பு லாச்சிக்குள் வைத்தோம். பேணி எடை குறையாமல் இருக்க, அடியில் தேயிலைப் பைக்கற்றுகளை அடைத்தோம். மனைவி பழைய ஊசித் துளைகளிலேயே ஊசி விட்டு அச்சொட்டாகத் தைத்தாள்.

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் மகளும்தான் போனோம். வெள்ளை வீட்டுத் தீவில் நெருக்கடி தெரியவில்லை, தெரிய விடவும் இல்லை. சூப்பர்வைசரின் தீவில் இறங்கியதும் தெரிந்தது. துறைமுகத்தில் கடற்காவலர் ஒருவர், கப்பலில் இருந்து இறங்கிய முந்நூறு பேரில் என்னைத்தான் மறித்தார். எங்கிருந்து வருகிறாய் என்றார். ஆஸ்திரேலியா என்றேன். அதற்கு முதல் எங்கிருந்து என்றார். அகதிப் படகுகள் அந்தக் கரைகளில் ஏறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. மகளுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்துவிட்டது. எனக்கு அது பழக்கம். வங்கி மெசினுக்கு முன்னால் கிழவர்கள் வீட்டிலிருந்து கதிரை கொண்டுவந்து போட்டு வரிசையில் இருந்தார்கள். பெற்றோல் செட்டில் கயிறு கட்டியிருந்தது. பாதி கட்டிய வீடுகளின் மேல் கம்பிகள் துருப்பிடித்து நின்றன. அறை வாடகைக்குத் தந்த பெண் கையில் காசாகத்தான் வேண்டும் என்றாள். நான் பழக்கதோஷத்தில் ரசீது கேட்டேன். அவ்வளவுதான், வரி இலாகாவின் ஒற்றன் என்று பெயர் விழுந்துவிட்டது. அடுத்த காலையில் பேக்கரிக்காரன் பாணோடு, கேட்காமலே, மூன்று ரசீது தந்தான். அந்தத் தெருவில் என்னை நம்பிய ஒருவர் இல்லை. நானும் யாரையும் நம்பவில்லை.

சூப்பர்வைசரின் தம்பியார் ஒருவர்தான் எங்களை ஒன்றும் கேட்காமல் உள்ளே எடுத்தார். எழுபது வயதிருக்கும். மெல்பேர்னில் கார் தொழிற்சாலையில் பத்து வருடம் வேலை செய்து திரும்பியவர், ஆங்கிலம் நன்றாக வந்தது. ஓய்வூதியத்தைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். ஆனாலும் மேசையில் மீன், தக்காளி, எண்ணெயில் மிதக்கும் அவரைக்காய் எல்லாம் இருந்தன. அவருடைய மனைவி குசினிக்கும் மேசைக்குமாக, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தா. பொதியைக் கண்டதும் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தம்பியார் கத்தியால் தையலைப் பிரித்து, உடுப்பை ஒதுக்கி, நேரே பேணியை எடுத்துப் பத்திரிகையில் கொட்டினார். கோப்பி விழுந்தது. அதற்குப் பிறகு மஞ்சள் கடதாசியில் சுற்றிய இலங்கைத் தேயிலை விழுந்தது.

அவர் அதைக் கையில் எடுத்து மணந்து பார்த்தார். நான் தண்ணீரை விழுங்கிவிட்டு, மருந்தை விமான நிலையத்தில் பறித்துவிட்டார்கள் என்றேன். மருந்து என்ற சொல்லை அவர் இன்னும் வாயால் சொல்லவே இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

“பறிச்சுப்போட்டுத் தேயிலையும் வைச்சு, திரும்பத் தைச்சும் தந்தவங்களோ?” என்று தம்பியார் மெதுவாகக் கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் குசினி வாசலில் தட்டு விழுந்து உடைந்தது. அவருடைய மனைவி நிலத்தில் கிடந்தா. கையும் காலும் வெட்டி இழுத்தன, வாய் ஒரு பக்கம் கோணியது. தம்பியார் ஓடவில்லை. நன்றாகப் பழகிய வேலை மாதிரிப் போய், உடைந்த துண்டுகளைக் காலால் ஒதுக்கி, ஒரு சிறிய தலையணையைத் தலைக்குக் கொடுத்து, பக்கம் திருப்பிக் கிடத்தி, அருகில் இருந்துகொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குப் பெரிய நேரம்.

அதன் பிறகு அவரே சொன்னார். தீவில் இருந்த ஒரே மருந்துக்கடையில் வலிப்புக் குளிசை வருவது நின்று இரண்டு மாதம். அடுத்த கப்பலில் வரும் என்று ஒவ்வொரு கிழமையும் சொல்வார்களாம். இருந்ததைப் பாதியாக வெட்டி, பிறகு காலாக வெட்டிக் கொடுத்திருக்கிறார். மனைவிக்கு வலிப்பு என்று ஊருக்குத் தெரியக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அதனால்தான் கோப்பிக்குள் ஒளிப்பு. அக்காவின் புருஷன் செத்தபோது மிஞ்சிய குளிசை பாதி. மிச்சம், அக்கா தன்னுடைய கிரேக்கக் கோயில் பெண்களிடம் வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்தது. அந்தப் பெயர்கள் அவர்களுடையவை. அதில் ஒன்று சூப்பர்வைசரின் குடும்பப் பெயர்தான். நான்கு வருடம் என் சம்பளத் துண்டில் கையெழுத்திட்ட பெயர். அதைக் கூட நான் வாசிக்கவில்லை.

முற்றத்துக்கு வந்து நின்றேன். அம்மாவின் மருந்தை எடுத்தவன் முகம் எனக்கு நினைவில்லை, இவ்வளவு நாளும் அவனை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அவன் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் என்னை அதைவிட அரித்தது வேறொன்று, அதையும் சொல்லத்தான் வேண்டும். மருந்து உடனே வரவேண்டுமென்றால் அது சூப்பர்வைசரின் கைக்குப் போக வேண்டும். அவர் அறிந்த கிரேக்கர்கள்தான் கிழமைக்கு ஒருவராக விமானம் ஏறுவார்கள். போனால், நான் உடைத்ததும் எடுத்ததும் தெரியும். ஒரு கைக்குட்டை எடுக்காமல் காத்த பெயர் அதோடு போய்விடும். நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மகள் பின்னால் வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்பா, ஜஸ்ட் கால் அம்மா. இல்லாட்டி நான் எடுக்கிறன்.”

மெல்பேர்னில் படுக்கிற நேரம். வீட்டுக்கு அடித்தேன், மனைவி எடுத்தாள். லாச்சியில் இருப்பதை விடிந்ததும் சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, நான் எடுத்தது என்று சொல்லு என்றேன். பிறகு உள்ளே போய்த் தம்பியாரிடமும் உள்ளதைச் சொன்னேன். அவர் எழும்பிக் குசினிக்குள் போனார். ஆறிய மீனைச் சூடாக்கிக் கொண்டுவந்து மகளுக்கு முதலில் வைத்தார்.

குளிசைகள் ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தன. தம்பியாரின் மனைவி தப்பிவிட்டா, இன்றைக்கும் இருக்கிறா. நாங்கள் திரும்பிய கிழமையே நான் ஓக்லியில் சூப்பர்வைசரின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில், நீ அதைத் திருடியிருந்தால் பரவாயில்லை என்றார். தேவையுள்ளவன் திருடுவான், அது விளங்கும். நீ என்னைக் கள்ளி என்று நினைத்துவிட்டாய் என்றார். எனக்கும் சுள்ளென்று ஏறியது. நான்கு வருடம் நீங்கள் என்னை என்ன நினைத்துப் பையைக் கவிழ்த்தீர்கள் என்று கேட்டேன். பதினைந்து வருடமாக வாய்க்குள் வைத்திருந்த கேள்வி.

“அதுக்கு எனக்குச் சம்பளம் தந்தவங்கள்,” என்றார். “உனக்கு ஆர் தந்தது?”

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். இப்போதும் சந்தையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அவர் போகும்வரை நான் ஒதுங்கி நிற்பேன்.

சில வருடத்தில் எங்கள் இலங்கைக்கும் அதே கதி வந்தது. பெற்றோலுக்கு வரிசை, மின்வெட்டு, மருந்துக்கடையில் இல்லை என்ற ஒரே சொல். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அக்காவுக்குப் பிரஷர் குளிசை கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்து நோபல் பார்க்கிலிருந்து ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். பெட்டியைத் திறந்து, டொக்டரின் மருந்துத் துண்டையும் காட்டி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவர் ஒவ்வொரு லேபிளையும் வாசித்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கோபிக்க எனக்கு உரிமை இல்லை என்றும் தெரியும். ஆனாலும் அவர் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எடுத்து எறிந்திருப்பான் என்று ஒரு மனம், வித்திருப்பான் என்று இன்னொரு மனம். நான்காம் நாள் அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். வந்தது என்றா. எண்ணிப் பார் என்றேன்.

“அந்தாள் நிக்கேக்கையே, அவருக்கு முன்னாலயே எண்ணிப்போட்டன்,” என்றா அக்கா. “எல்லாம் சரி.”

கொண்டுபோனவர் அதற்கு என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.