எந்த ஊரிலிருந்து வர்றீங்க?

ஐட்லிங், அதாவது நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவதில், பிரச்சினையோடு கராஜுக்கு வரும் பழைய காருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: மெக்கானிக் முன்னால் அது நல்ல பிள்ளையாக நிற்கும். கராஜில் கை கறுத்தவர்களுக்கும், கராஜுக்கு வண்டியை விட்டு மனம் கறுத்தவர்களுக்கும் இது தெரியும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் பெயிலானதும் நான் பதுளையில் ஒரு கராஜில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் ஆகிறது. பெரிய வேலைகளைப் பாஸ் பார்ப்பார். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டர் என் பொறுப்பு. எனக்குக் கை வேகம். காது அவ்வளவு வேகமில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

வெலிமடை வேன்

ஐட்லிங் குறைந்து எஞ்சின் அணைந்துபோனால் சோம்பேறி மெக்கானிக் ஒரே ஒரு வேலை செய்வான். காபரேட்டரின் பக்கத்திலிருக்கும் ஸ்குரூவை இறுக்குவான். எஞ்சின் உடனே உறும ஆரம்பிக்கும். எங்கே காற்று ஒழுகுகிறது, எங்கே அடைப்பு என்று தேட வேண்டியதில்லை. வெலிமடையிலிருந்து லீக்ஸ் மூட்டையோடு வந்த பழைய வேனுக்கு நான் அதைத்தான் செய்தேன். பத்து நிமிஷ வேலை. எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் வேன்காரர் திரும்பி வந்தார். இறக்கத்தில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி தானாக ஓடுகிறதாம். பிரேக் சூடேறி மணக்கிறதாம். இறங்காமல், ஜன்னல் வழியாகவே சொன்னார்:

"நேத்து வண்டி நின்னுபோகுதுன்னு வந்தேன். இன்னைக்கு நிக்க மாட்டேங்குதுன்னு வந்திருக்கேன். நடுவுல ஒண்ணு கிடையாதாப்பா?"

போனட்டில் ஒரு கப் பிளேன்டீ

இராமையா சேர் அப்புத்தளைக்கு மேலே, மலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்று அங்கேயே இருப்பவர். மனைவி இல்லை. ஒரே மகள் கொழும்பில். அவரிடம் ஒரு சாம்பல் நிற மொரிஸ் மைனர் இருந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் யாருக்காவது உடம்புக்கு வருத்தம் என்றால் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதும் அதில்தான். முதல் தடவை வந்தபோது, மேலே போய்ச் சேர்ந்ததும் எஞ்சின் குலுங்கி அணைந்துவிடுகிறது என்றார்.

பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது. ஏன் கறுத்தது என்று யோசிக்கவில்லை, துடைத்து மாட்டினேன். காபரேட்டருக்கு அடியில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு நட்டு உண்டு. நான் எப்போதும் பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வைப்பேன். சத்தம் கேட்க நிறைவாக இருக்கும். ஐட்லிங்கைச் சரிபண்ணி, ஓடுகிற எஞ்சினின் போனட் மேல் ஒரு கப் பிளேன்டீயை வைத்துக் காட்டினேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சேர் கப்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இங்க நல்லாத்தான் இருக்கு தம்பி. மேல வந்தாத்தான் நிக்குது."

நான் அதற்குள் அடுத்த வண்டியின் போனட்டைத் திறந்திருந்தேன்.

மூன்றாவது தடவை

இரண்டாவது தடவையும் அதே முறைப்பாடு, அதே நட்டு, அதே பிளேன்டீ. மூன்றாவது தடவை வந்தபோது சேரின் முகம் சரியில்லை. கோயில் வளைவில் வண்டி அணைந்து, பின்னால் வந்த பஸ் மயிரிழையில் நின்றதாம். யாரோ மகளிடம் சொல்லிவிட்டார்கள். "வண்டியில பிழைன்னா திருத்துங்க, உங்க மேல பிழைன்னா சாவியைத் தாங்க" என்று மகள் சொல்லிவிட்டார். மெக்கானிக் சொல்வதுதான் தீர்ப்பு. அந்த மெக்கானிக் நான்.

அன்றைக்கு என்னிடம் நாலு வண்டி. ஸ்டார்ட் பண்ணினேன், கடிகாரம் மாதிரி ஓடியது. எனக்கு எரிச்சல் வந்தது. "சேர், வண்டியில ஒண்ணுமில்ல. நீங்கதான் பெடல்ல காலைச் சரியா வைக்கல. வயசாயிருச்சில்ல" என்றேன். அவர் மகளுக்குப் போன் எடுத்து என்னிடம் நீட்டினார். அதையே மகளிடமும் சொன்னேன். நூற்றுக்கு நூறு உறுதி என்றும் சேர்த்துக்கொண்டேன். சேர் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார்.

"எத்தனையோ பிள்ளைங்களுக்கு மார்க்ஸ் போட்டவன் நான். ஒருத்தனையும் பேப்பரைப் பார்க்காம பெயிலாக்கினதில்ல தம்பி."

கல்யாணக் கார்

மூன்று மாதம் கழித்து எங்கள் கராஜின் கல்யாணக் கார் அப்புத்தளைக்குப் போனது. பெரிய வெள்ளைக் கார், அதுவும் பழசுதான். ஐட்லிங் வைத்தது நான், டிரைவர் மணி அண்ணன். தெமோதரை தாண்டும் வரை பாட்டுப் போட்டுக்கொண்டு போனோம். அப்புத்தளைக் கோயில் வாசலில், பொண்ணு மாப்பிள்ளை ஏறியதும், வண்டி குலுங்கி அணைந்தது. திரும்ப எடுத்தால் கறுப்புப் புகை, மறுபடி அணைந்தது. மூன்று தடவை. மேளக்காரர்கள் வாசிப்பதை விட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மணி அண்ணன் இறங்கி, என் கையிலிருந்த ஸ்பனரைப் பிடுங்கி, அந்த நட்டைக் கொஞ்சம் திருப்பிப் பெட்ரோலைக் குறைத்தார். எஞ்சின் சீராக ஓடியது. சேரின் சாம்பல் வண்டிதான் கண்ணுக்குள் நின்றது.

"மேல காத்து மெலிசுடா. பதுளையில வச்ச பெட்ரோல் அளவு இங்க அதிகம். வர்றவன்கிட்ட எந்த ஊருன்னு கேக்கவே மாட்டியா நீ?"

சாவி இல்லாத வண்டி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி சேர் வீட்டுக்குப் போனேன். மொரிஸ் மைனர் தகரக் கொட்டகையில் படங்கு போர்த்திக் கிடந்தது. சாவி மகளோடு கொழும்புக்குப் போய்விட்டது. "பிழை என்னோடது சேர்" என்றேன். "முதல்ல வண்டியைப் பாருங்க" என்றார். பக்கத்து வீட்டு பெட்டரியைக் கடன் வாங்கி, வயரைத் தொடுத்து ஸ்டார்ட் பண்ணினேன். குலுங்கியது. நட்டைக் கொஞ்சம் திருப்பினேன், அரைச் சுற்றுக்கூட இல்லை. குலுக்கம் நின்றது. சேர் உள்ளே போய் ஒரு கப் பிளேன்டீ கொண்டுவந்து, அவரே போனட் மேல் வைத்தார். சிந்தவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை.

மகளுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். சேர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் காலில் ஒரு குறையுமில்லை, நான் வைத்த அளவுதான் பிழை, நூற்றுக்கு நூறு உறுதி என்றேன். மகள் கேட்டார்:

"அன்னைக்கும் நீங்க இதே மாதிரிதான் உறுதியாச் சொன்னீங்க தம்பி. எதை நம்பி நான் அப்பாகிட்ட சாவியைக் குடுக்கிறது?"

இப்போதெல்லாம் போனட்டைத் திறக்கும் முன் எந்த ஊர் என்று கேட்கிறேன், அதற்கு ஐந்து செக்கன்கூட ஆவதில்லை.