சாயம் சுரண்டிய விளக்குகள்

யுத்த காலத்தில் பெங்களூரில் கார் விளக்குகளின் மேல்பாதிக்குக் கறுப்புச் சாயம் பூச வேண்டும் என்று உத்தரவு. ஆகாயத்திலிருந்து வெளிச்சம் தெரியக் கூடாதாம். தெருவிளக்குகளுக்கும் மூடி போட்டுவிட்டார்கள். அப்போது நான் காக்ஸ் டவுனில் ஒரு டாக்டரம்மாவுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறவர். மணமாகாதவர், ஐம்பதை நெருங்கியவர். காரில் அதிகம் பேச மாட்டார். நானும் அப்படித்தான். மனைவி காய்ச்சலில் போன பிறகு ஒக்கலிபுரத்தில் ஓர் அறையில் தனியாக இருந்தேன்; பேச்சே பழக்கம் விட்டுப் போயிருந்தது.

பொழுது சாய்ந்தால் சாலை மங்கிப் போகும். மாட்டு வண்டி, சைக்கிள், நடந்து போகிறவர்கள் எல்லாம் கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் படும். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டுவேன். "இந்தச் சாயத்தால ஒண்ணுமே தெரியலப்பா" என்று மற்ற டிரைவர்களும் சலித்துக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் உள்ள கஷ்டம்தானே என்று இருந்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது.

யுத்தம் முடியும் தறுவாயில் அந்த உத்தரவை விலக்கினார்கள். மெக்கானிக் பிளேடால் சாயத்தைச் சுரண்டி, பெட்ரோலில் நனைத்த துணியால் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்.

அன்று மாலை ஒரு பிரசவ வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். இருட்டத் தொடங்கியதும் விளக்கைப் போட்டேன். தெருவோரத்தில் யாரோ கைதட்டிச் சிரித்தார்கள்.

"எவ்ளோ நாளாச்சு ரோட்டை இப்படிப் பாத்து!" என்றார் டாக்டரம்மா. அவர் குரல் அத்தனை மலர்ந்து நான் கேட்டதில்லை.

எனக்கு ரோடு தெரியவில்லை. காருக்கு முன்னால் வெளிறிய ஒரு திட்டு, அதற்கப்பால் நேற்றைய அதே இருட்டு. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணில் அடித்தது. அது கடந்து போனதும் அந்தத் திட்டுகூட இல்லை. காரை ஓரம் கட்டினேன்.

"என்னப்பா, நிறுத்திட்ட?"

"எனக்குக் கண்ணு தெரியலம்மா."

"லைட்டு நல்லாத்தானே எரியுது?"

"எரியுதும்மா. எனக்குத்தான் தெரியல."

முன்னால் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "பகல்ல?"

"பகல்ல நல்லாத் தெரியும். பொழுது போனாத்தான். சாயத்தாலன்னு நெனச்சிட்டிருந்தேம்மா."

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரைப் பூட்டினோம். மருந்துப் பையை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையிலிருந்த குடையின் முனையை என்னிடம் நீட்டினார். "இதப் புடிச்சிக்க. பள்ளம் வந்தா சொல்றேன்."

இத்தனை வருஷம் அவரை வழிநடத்தியவன், குடையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் தட்டுத்தடுமாறி நடந்தேன். வேலை போய்விடும் என்பதில் சந்தேகமில்லை. "அம்மா" என்று கூப்பிடக்கூட இனி எனக்கு ஆளிருக்காது என்று தோன்றியது.

நடந்தபடியே கேட்டார். "ராத்திரி என்ன சாப்பிடற?"

"ராகிக் கஞ்சிம்மா."

"காலைல?"

"மிச்சக் கஞ்சி."

"கீரை, முட்டை, பாலு?"

"ஒருத்தனுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

அவர் நின்றுவிட்டார். "இது மாலைக்கண்ணுப்பா. சரியாச் சாப்பிடாததால வந்திருக்கும். சரியாப் போயிடும், பயப்படாத."

மறுநாளிலிருந்து மீன் எண்ணெய் கொடுத்தார். மத்தியானம் அவர் வீட்டுச் சமையலறையில் ஆட்டு ஈரலும் கீரையும் போட்டார்கள். வேறு டிரைவர் வைக்கவில்லை. மாலையில் ஜட்கா வண்டியில் போய்வந்தார்.

சில வாரம் கழித்து ஒரு மாலை அவர் வீட்டு கேட்டருகே நின்றிருந்தேன். எதிர்வீட்டு அம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். நன்றாக இருட்டியும் அவர் கை ஒவ்வொரு துணியாகப் போய்வருவது தெரிந்தது. ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு நீயே வண்டிய எடு" என்றார்.

மத்தியானச் சாப்பாடு இனியும் உண்டா என்று அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் கூச்சப்பட்டு காரிலேயே உட்கார்ந்திருந்தேன். "தட்டு போட்டாச்சு, என்ன பண்ற அங்க?" என்று சமையல்காரர் சத்தம் போட்ட பிறகுதான் எழுந்து போனேன்.

இரவுச் சாப்பாடு மட்டும் ஒக்கலிபுரத்தில்தான். டாக்டரம்மா சொன்னபடி வழியில் ஒரு கட்டு கீரை வாங்கிப் போய்க் கடைந்து வைப்பேன். எவ்வளவு சின்னக் கட்டாகப் பார்த்து வாங்கினாலும் ஒருவனுக்கு அது அதிகம்.