பானை ஊறும்வரை ஒரு கதை

புனித வெள்ளியன்று சொந்தபந்தமெல்லாம் ஓவீட் நாக்கனின் வீட்டுப் பின்புறம், ஓடைக்கரையில் கூடிவிடும். இறைச்சி ஆகாத நாள் என்பதால் சேற்று இறால்தான் வேகும். பிடித்து வருபவரும் ஓவீட், வேகவைப்பவரும் ஓவீட். சதுப்பில் கூண்டு போட்டு, இரை மாற்றி, படகைத் தள்ளியே வாழ்க்கை ஓடியவர். பள்ளிக்கூடம் அவரை அதிகம் பார்த்ததில்லை. ஆனாலும் அவருக்கென்று ஒரு பதவி இருந்தது: பானை ஊறும் நேரத்தில் கதை சொல்பவர்.

இறால் வெந்த கையோடு எடுத்துவிடக் கூடாது. தீயை அணைத்து, மூடியைப் போட்டு, மிளகாயும் உப்பும் ஓட்டுக்குள் இறங்கும்வரை ஊறவிட வேண்டும். பிள்ளைகளுக்குப் பசி பொறுக்காத நேரம் அது. ஓவீட் மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஆமையும் நாரையும் சிநேகமான கதையை எடுப்பார். காலொடிந்த நாரையை ஆமை முதுகில் ஏற்றி மறுகரை சேர்த்தால் இறால் பதமாகிவிட்டது என்று அர்த்தம். கடிகாரத்தை யாரும் பார்த்ததில்லை.

போன வருடம் அவருடைய தங்கை மகளைக் கட்டிக்கொண்டு கர்லி வந்து சேர்ந்தான். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வெல்டர். கரைக்கு வந்தால் போதும், பிள்ளைகள் அவன் காலையே சுற்றிக்கொண்டு கிடக்கும். முதலை மாதிரி கர்ஜித்துக் காட்டுவான்.

"முதலை அப்படியா கத்தும்?" என்று ஓவீட் மனைவியிடம் கேட்டார்.

"பிள்ளைங்க சிரிக்குதுங்கல்ல, உங்களுக்கென்ன?" என்றாள் எலோடி.

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சிரிப்பு தன் பெட்டியடியில் சிரித்த சிரிப்பு அல்லவா?

இந்த வருடப் புனித வெள்ளியன்று மூடியைப் போட்டதும் பெட்டியை இழுத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். தங்கையின் பேத்தி மினெட் முகத்தைச் சுளித்தாள்.

"ஆமை ஏத்திக்கிட்டுப் போயிடும், அவ்வளவுதானே தாத்தா? இன்னைக்குக் கர்லி சொல்லட்டும்."

"சும்மா இரு பாப்பா. அது மாமாவோட இடம்," என்றான் கர்லி.

"சொல்லு, சொல்லு," என்றார் ஓவீட். "நான் பானையப் பாத்துக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கிளறும் துடுப்பைக் கையில் எடுத்தபோது மனதுக்குள் வேறு கணக்கு. கதை சூடு பிடிக்கும் இடத்தில் மூடியைத் திறந்துவிட வேண்டும். வாசனை வந்தால் பிள்ளைகள் எழுந்து ஓடும். பாதிக் கதையோடு இவன் தனியாக நிற்பான்.

கர்லி பெட்டியில் உட்காரவில்லை, புல்லில் உட்கார்ந்தான். அதுவும் ஓவீட்டுக்கு உறுத்தியது.

ஒரு முதலைக் குட்டிக்கும் நீர்நாய்க் குட்டிக்கும் சிநேகமாம். முதலை வளர்ந்துகொண்டே போனது. நீர்நாய் வளரவில்லை. ஒரு கோடையில் சதுப்பே காய்ந்துவிட, முதலை தோண்டிய குழியில் மட்டும் தண்ணீர் கிடந்தது. "வா, வந்து குடி," என்றது முதலை. நீர்நாய் கரையிலேயே நின்று கேட்டது: "சாப்ட்டாச்சா?"

பிள்ளைகள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தன.

"இன்னும் இல்ல," என்றது முதலை.

மூடியைத் திறக்க வேண்டிய நேரம் இதுதான். ஓவீட்டின் கை துடுப்பை இறுக்கியதே தவிர எழவில்லை. இறங்காதே, இறங்கினால் போச்சு என்று அவர் மனம் நீர்நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கர்லி அவசரப்படவில்லை. நீர்நாய் அந்தக் குழியை இரண்டு முறை சுற்றிவந்தது. கடைசியில் முதலை தானே கரையேறி, வாயை வெயில் பக்கம் திருப்பி, வாலைத் தண்ணீரில் விட்டுப் படுத்துக்கொண்டது. நீர்நாய் குடித்துவிட்டுப் போகும்வரை அது திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஓவீட் பெருமூச்சு விட்டார். அப்புறம்தான் பானை ஞாபகம் வந்தது.

மேசை விரிப்பில் கொட்டிய இறாலை உரித்தால் சதை மாவாய்ப் பிய்ந்தது. காரத்தில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர்.

"இந்தப் பானை இப்படி ஆனதே இல்லியேண்ணா," என்றாள் தங்கை.

"பானைய ஒரு தட்டுத் தட்டியிருந்தா நான் கதைய நிறுத்தியிருப்பேனே மாமா," என்றான் கர்லி. பாவம், உண்மையாகவே வருந்தினான்.

"அவர் எங்க தட்டுவாரு? வாயப் பொளந்துக்கிட்டுல்ல உக்காந்திருந்தாரு," என்றாள் எலோடி.

மேசையே சிரித்தது. ஓவீட் எரியும் உதட்டை நக்கிக்கொண்டு கர்லியைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் பானை உன்னுது, கதை என்னுது. நான் சொல்றப்ப நீ பானைய மறக்கறியா இல்லையான்னு பாக்கறேன்."

சாயங்காலம் ஓடைத் தண்ணீரில் பானையைத் தேய்த்தபோது அவருக்கு ஒன்று பட்டது. இத்தனை வருடமும் ஆமை முதுகில் ஏறிய நாரை, ஆமையிடம் ஒரு வார்த்தை கேட்டதே இல்லை. கேட்டால் என்ன கேட்கும்? தேய்ப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார்.