செம்பு படாத தண்ணீர்

வில்லியனூர்க் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது இருக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லாரியில் கிளீனராக ஓடி, நெட்டப்பாக்கத்தில் கரும்பு வெட்டி, எங்கும் ஒரு வருடம் நிலைக்காமல் திரிந்த காலம். எழுபதுகளின் கடைசி. கடை முதலாளி ஒரு பாய். படங்களுக்குச் சட்டம் போடுவார், மீன் தொட்டி செய்வார். எனக்குப் படுக்கை கடையில். சாப்பாடு பின்னால் இருந்த அவர் வீட்டில். அதற்கு முன் இருந்த இடங்களில் இரண்டு வேளைச் சாப்பாடு கிடைத்ததில்லை என்பதால் இங்கே கொஞ்ச நாள் தங்கலாம் என்று நினைத்தேன்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்தண்ணீர்த் தொட்டி இருந்தது. டவுனில் காலேஜ் வாத்தியார் ஒருவர் பாயிடம் செய்து வாங்கியது. அவருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்ததும் தொட்டியை அப்படியே பாய் வீட்டில் இறக்கிவிட்டார். உள்ளே இரண்டு உயிர்கள். கடல் முயல் என்று பெயர் சொன்னார். முயல் என்றதும் தெருவே திரண்டு வந்தது. வந்து பார்த்தால் உள்ளங்கை நீளத்தில் ஓடில்லாத நத்தை மாதிரி ஒன்று. தலையில் மட்டும் இரண்டு காது போலத் தூக்கிக்கொண்டிருந்தது.

"இன்னா பாய், முயல்னீங்க. கால காணோம்?" என்றார் பக்கத்து டீக்கடைக்காரர்.

"உன் டீயில பாலு இருக்குதா? அந்த மாதிரிதான்."

"பிரியாணிக்கு ஆவுமா?"

"நீ முதல்ல தின்னு. நீ இருந்தா நான் திங்கறேன்."

பார்த்துக்கொள்ளும் முறையை வாத்தியார் பாயின் மனைவியிடம் சொன்னார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மோட்டார் தண்ணீர் இழுக்கும் வாயில் வலைத்துணி கட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த மெத்தென்ற உடம்பை இழுத்துக் கிழித்துவிடும். பாசியைத் தவிர எதையும் போடக் கூடாது. மிரட்டக் கூடாது. மிரண்டால் ஊதா மை கக்கும், அந்த மை அதற்கே விஷம், உடனே தண்ணீர் மாற்ற வேண்டும். வெயிலில் தண்ணீர் வற்றினால் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வற்றினாலும் உப்பு உள்ளேயேதான் இருக்கும். கடைசியாக, "முக்கியமா ஒண்ணும்மா. தண்ணியில செம்பு படக் கூடாது. பட்டா செத்துடும்" என்றார். அப்போது அக்கா கையில் எவர்சில்வர் செம்பு ஒன்று இருந்தது.

அக்காவுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளில் ஒன்றும் ஒரு மாதத்தைத் தாண்டவில்லை. அக்காவின் நாத்தனார், பாய்க்கு மூத்தவர், புருஷனை இழந்தவர், அந்த வீட்டில்தான் இருந்தார். தொட்டி வந்த அன்றே, "இவ கையில குடுத்துட்டுப் போறான் பாரு. எது தங்கிச்சி, இது தங்க?" என்றார். குரலை உயர்த்தவில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து அக்கா அந்தத் தொட்டியை விட்டு நகரவில்லை.

காலாப்பட்டுப் பக்கம் கண்ணாடி இறக்க டெம்போ போகும்போது நான் பிள்ளைச்சாவடியில் இறங்கி, கேனில் கடல்தண்ணீரும் மீன்வலையில் சிக்கி வந்த பாசியும் எடுத்து வருவேன். அக்கா அந்தத் தண்ணீரை மணல் அடங்கட்டும் என்று ராத்திரி முழுக்கக் குடத்தில் வைப்பார். காலையில் குடத்தைச் சாய்த்து, கையைத் தொட்டி ஓரத்தில் வைத்து, விரல் வழியாக மெதுவாக விடுவார். கிணற்றுத் தண்ணீரும் அதே குடத்தில்தான். தாய்வீட்டுச் சீராக வந்த குடம். உப்புத் தண்ணீர் நின்று உள்ளே பச்சை பூத்தால் புளி போட்டுத் தேய்த்துவிடுவார். பளபளவென்று சிவப்பாக இருக்கும்.

ஒரு முயல் தின்பதை நிறுத்தியது. பிறகு கண்ணாடியில் ஒட்ட முடியாமல் கீழே விழுந்து செத்தது. மற்றதும் சுருங்கிக் கிடந்தது.

"சொன்னேனா இல்லியா?" என்றார் நாத்தனார்.

பாய்க்குப் பொறுக்கவில்லை. "இருக்கறத கடல்ல வுட்டுட்டு வந்துடுறா" என்று என்னிடம் சொன்னார்.

"வேணாம்" என்றார் அக்கா. "வாத்தியார் வரட்டும். நான் இன்னா பண்ணேன்னு எனக்குத் தெரியணும்."

வாத்தியார் விடுமுறைக்கு ஊர் போகும் வழியில் இறங்கி வந்தார். வலைத்துணியைப் பார்த்தார். பாசியை மோந்து பார்த்தார். "செம்பு படலியே?" என்று கேட்டார்.

"இல்ல சார். நீங்க சொன்ன அன்னிக்கே செம்ப எடுத்துப் பரண்ல போட்டுட்டேன். குடிக்கறதுக்குக்கூட எடுக்கறதில்ல. குடத்துலதான் ஊத்தறேன்."

அவர் குடத்தைப் பார்த்தார். விரலால் சுண்டிப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, இதுதாம்மா செம்பு. இந்தக் குடம் முழுக்கச் செம்பு. நான் சொன்னது உலோகம். அந்தச் சின்ன எவர்சில்வர் செம்பால நீங்க எவ்ளோ வேணா ஊத்தியிருக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. "தாமிரம்னு சொல்லியிருக்கணும். தப்பு என்னுது" என்றார் அவர். நாத்தனார் வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் கேட்டார்: "அப்ப என் கை இல்லியே சார்?"

"கைக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்? குடம்மா, குடம்."

அவர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். நான் அன்றே பிள்ளைச்சாவடிக்குப் போனேன். புதுத் தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் வைத்து, முயலைக் கையால் தொடாமல், ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் விட்டு அதனோடு சேர்த்து மொண்டோம். அப்படியும் மிரண்டு கொஞ்சம் மை விட்டது. கிண்ணம் முழுக்க ஊதா. அக்கா பதறாமல் வேறு தண்ணீருக்கு மாற்றினார். தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி வெயிலில் காய வைத்து, புதுத் தண்ணீர் நிரப்பி முயலைத் திரும்ப உள்ளே விட்டோம். மறு நாளும் அது தின்னவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தின்னும் என்று நான் நினைக்கவுமில்லை.

ஒரு மத்தியானம் அக்கா அடுக்களையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். நான் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். கூடத்திலிருந்து நாத்தனார் கூப்பிட்டார்.

"ஏ பொண்ணே, இங்க வா. திங்குது."

அக்கா மாவுக் கையோடு போனார். பாசி இழை ஒன்று அதன் வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. நாத்தனார் குனிந்து, மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நகர்ந்து அக்காவுக்கு இடம் விட்டார்.

"கொஞ்சமாப் போடு" என்றார். "காஞ்ச வயிறு. ஒரேடியாத் தின்னா தாங்காது."

"சரிங்கக்கா" என்று அக்கா கையைக் கழுவப் போனார்.