உழவு மிசினுக்கு ஒரு வாளி மஞ்சள் தண்ணீர்

கனடாவின் ஸ்ரௌவ்வில்லில் நாங்கள் வீடு வாங்கியது ஒரு ஆடி மாதம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வீதியிலிருந்து வாசல் வரைக்கும் நீண்டு கிடந்த ட்ரைவ்வேயைப் பார்த்து, "கலியாண ஊர்வலமே போகலாம்" என்றாள் மனைவி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இவ்வளவு நீளத்துக்கும் ஒருநாள் ஸ்னோ கொட்டும், அதை ஒருவன் அள்ள வேண்டும், அந்த ஒருவன் நான்தான் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

வீடு வாங்கியதே மாமாவுக்காகத்தான். மாமா என்றால் மனைவியின் அப்பா. அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணி நேரம் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அஜின்கோர்ட்டில் நாங்கள் இருந்த ஏழாம் மாடியில் எலிவேற்றர் நினைத்தால் ஓடும், நினைத்தால் படுத்துவிடும். நடக்கமுடியாத மனிதரை அங்கிருந்து எத்தனை முறை இறக்கி ஏற்றுவது? அதனால்தான் படியே இல்லாத இந்தப் பழைய தனி வீட்டுக்கு வந்தோம்.

அவருக்கு ஒரு நாளைக்கு நாலு பேணி தண்ணீர்தான் அனுமதி. பேணி என்றால் சின்ன எவர்சில்வர் குவளை. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாததால், கூடினால் கால் வீங்கும், பிறகு நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். சோற்றுக்கு விட்ட ரசத்தையும் மனைவி அந்த நாலுக்குள் சேர்த்துவிடுவாள். டீவியில் யாராவது தண்ணீர் குடித்தால் மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் அவரை ஏற்றிப்போக ஒரு வான் வரும். சாய்தளம் இறக்கி, சக்கர நாற்காலியோடு ஏற்றுவார்கள். கார்த்திகையில் முதல் ஸ்னோ விழுந்தபோது அதை அள்ளச் சவளோடு இறங்கினேன். ஒன்றரை மணி நேரம். இரண்டாவது முறை நான் கடைசிச் சவளை எறியவும் வான் ட்ரைவ்வேக்குள் திரும்பவும் சரியாக இருந்தது. ட்ரைவர் நல்ல மனிதர். ஆனாலும் சொல்லிவிட்டார்: பாதை துப்புரவாக இல்லையென்றால் உள்ளே வரமாட்டேன், வீதியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவும் மாட்டேன், அது சட்டம். அன்றைக்கு நிமிர முடியாத முதுகோடு உள்ளூர்ப் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தைப் பிரித்தேன்.

அப்படி வந்ததுதான் அந்தத் தோட்ட ட்ரக்டர். ஊரில் உழவு மிசின் என்போம். புல்லு வெட்டுகிற சின்னச் சாதி. அதன் முன்னால் பூட்டுகிற, ஸ்னோவை இழுத்துத் தூர வீசும் ஸ்னோ ப்ளோவர் ஒரு மரப்பெட்டியில் துண்டு துண்டாகக் கிடந்தது. நட்டும் போல்ட்டும் ஒரு கோப்பித் தகரத்துக்குள். விற்ற வெள்ளைக்காரர் ஒரு போட்டோகொப்பிப் புத்தகமும் தந்து, "ஒரு மணி நேர வேலை" என்றார். அவரை இன்றைக்குக் கண்டாலும் இரண்டு வார்த்தை கேட்பேன்.

சனி பின்னேரம் தொடங்கினேன். மாமா டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்பையும் பார்க்காமல், கம்பளி போர்த்துக்கொண்டு கராஜ் கதவோரம் நாற்காலியோடு வந்து இருந்துவிட்டார். ஊரில் சொந்தமாக லொறி வைத்து ஓட்டியவர். என்னிடம் இருந்ததோ ஒரு ஸ்பானர் பெட்டியும் வீம்பும்.

முதலில் வயிற்றுக்குக் கீழே இருக்கிற புல்லுவெட்டும் தட்டைக் கழற்ற வேண்டும். அதைத் தாங்கும் நாலு ஊசிகளில் இரண்டு கறள் பிடித்து இறுகிவிட்டன. நிலத்தில் மல்லாந்து கிடந்து சுத்தியலால் அடித்தபோது கறள் முழுக்க என் கண்ணில் விழுந்தது. பிறகு முன்சில்லுகளுக்கு இடையால் ஒரு இரும்புச் சட்டத்தைத் தள்ளி, வயிற்றில் இருக்கும் துளையில் கொளுவி, தூக்குகிற தடியோடு இணைக்க வேண்டும். புத்தகத்தில் பதினோராம் பக்கத்துக்குப் பிறகு பதினான்கு வந்தது. அந்த இரண்டு பக்கத்தில்தான் பெல்ட் எப்படிப் போகிறது என்பது இருந்திருக்க வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் நானாக ஒரு வழி கண்டுபிடித்து பெல்ட்டை மாட்டி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். ப்ளோவரின் முன் அலகு சுற்றியது. ஆனால் ஸ்னோவை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக வெளியே தள்ளுகிற மாதிரி.

"தம்பி, உது மறுவளமாச் சுத்துது" என்றார் மாமா.

"ஓம் மாமா, தெரியுது" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உந்தச் சின்னக் கப்பியிலை ஒருக்கா முறுக்கிப் போட்டுப் பாரும்."

முறுக்கிப் போட்டேன். சரியாகச் சுற்றியது. பின்சில்லுகளுக்குப் பாரக் கட்டிகள் பூட்டி, டயர்களுக்குச் சங்கிலியும் மாட்டினேன். ஒரு சங்கிலியை உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டி, கழற்றித் திரும்ப மாட்டியதில் கைவிரல் இரண்டு தோலுரிந்துவிட்டன. நாலு மணிக்கு அந்தச் சாமான் முழு உருவத்தோடு நின்றது. செவ்வாய் விடிய பெரிய ஸ்னோ என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. வரட்டும் என்று நினைத்தேன். கனடாவுக்கு வந்து அதுதான் முதல் தடவை, ஸ்னோ வரட்டும் என்று நான் நினைத்தது.

"கழுவிப் பொட்டு வைக்காமல் வாகனம் எடுக்கிறேல்லை" என்றார் மாமா. "தண்ணி கொண்டு வாரும்."

இது எனக்குப் புதிதல்ல. எங்களுடைய பழைய காருக்கும் முதல் நாள் குளிப்பாட்டுத்தான். நானே வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் பிடித்து, மஞ்சள் தூளைக் கரைத்துக் கொண்டுவந்தேன். மனைவி தேசிக்காயும் விபூதியும் குங்குமமும் கற்பூரமும் எடுத்து வந்தாள். பெற்றோல் டாங்குக்குப் பக்கத்தில் கற்பூரம் கொளுத்துவது ஆபத்து என்று அவளே அதை வெளியே வைத்துக் கொளுத்தினாள். அவ்வளவு கவனம் எங்களுக்கு. நெருப்பைப் பற்றி மூன்று பேரும் யோசித்தோம். தண்ணீரைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

"நான் ஊத்துறன்" என்றார் மாமா. நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் முன்னால் விட்டேன். ஒரு நாளைக்கு நாலு பேணியோடு இருக்கிற மனிதர், செம்பு செம்பாக அள்ளி ஊற்றினார். அலகுக்கு, புகைபோக்கி போல வளைந்த குழாய்க்கு, உள்ளே சுற்றுகிற விசிறிக்கு. வாளி முடிந்தபோது, "இன்னும் கொஞ்சம்" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் கனகாலம் கண்டதில்லை. பிறகு எஞ்சின் மூடியில் மூன்று குறி விபூதி பூசி, குங்குமம் வைத்தார். நான் சில்லுக்குக் கீழே வைத்த தேசிக்காயை நசித்து ஒரு முழம் முன்னே ஓட்டி, ஒரு முழம் பின்னே எடுத்து நிறுத்தினேன்.

திங்கள் இரவு குளிர் கடுமையாக இறங்கியது. கராஜுக்கு ஹீற்றர் கிடையாது.

செவ்வாய் விடிய ஆறு மணிக்குக் கதவைத் தூக்கினேன். முழங்கால் அளவு ஸ்னோ. வாசலில் நின்ற கார் ஒரு மேடாகத் தெரிந்தது. முன்பென்றால் நாலு மணிக்கே எழும்பியிருப்பேன். அன்றைக்கு மிசினை நம்பிப் படுத்திருந்தேன். எஞ்சின் உடனே பிடித்தது. அலகைச் சுழற்றுகிற லீவரைத் தள்ளினேன். ஒரு கீச்சுச் சத்தம். கராஜ் முழுக்கக் கருகிய ரப்பர் மணம். நான் லீவரை இழுப்பதற்குள் பெல்ட் அறுந்து காலடியில் விழுந்தது.

டோர்ச் அடித்து விசிறி இருக்கும் உருளைக்குள் பார்த்தேன். அடியில் தேங்கிய தண்ணீர் கல்லாக உறைந்து விசிறியைப் பிடித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் ஐஸ். வேறு பெல்ட் இல்லை. இருந்தாலும் அந்த முறுக்குக்கு மாமாவைத்தான் கூப்பிட வேண்டும்.

மனைவியும் நானும் சவளோடு இறங்கினோம். ஏழரைக்கு வான் வந்தபோது பாதிகூட ஆகவில்லை. ஸ்னோவுக்குள்ளால் விழுந்தெழும்பி வீதிக்கு ஓடினேன். முதுகில் சுமந்து வருகிறேன், பத்து நிமிடம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். ட்ரைவர் நான் வந்த வழியைப் பார்த்தார். நீங்கள் விழுந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து, என்னால் ஏற்ற முடியாது என்றார். உள்ளே இன்னொரு நோயாளி, ஒரு கிழவி, இருந்தாள். அவளுக்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது. ட்ரைவரைத் திட்ட எனக்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை. வான் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தோம். இன்றைக்கு வேறு இடம் இல்லை, நாளை இரண்டு மணிக்குக் கொண்டுவாருங்கள் என்றாள் தாதி. சனிக்குப் பிறகு செவ்வாய். அதுவே நீண்ட இடைவெளி, அது இன்னொரு நாள் நீள்கிறது. தண்ணீரைப் பாதியாக்குங்கள், மூச்சு முட்டினால் அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றாள். அம்புலன்ஸுக்கும் அதே ட்ரைவ்வேதான். திரும்பவும் சவளை எடுத்தோம்.

"என்ன தம்பி, மிசின் ஓடேல்லையே?" என்று உள்ளே வந்தபோது கேட்டார் மாமா.

"பெல்ட் பழசு மாமா. அறுந்திட்டுது."

"ஓ" என்றார்.

பின்னேரம் பாதை திறந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை. கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுபோய் ஊற்றி, ஸ்குரூ ட்ரைவரால் குத்தி, அந்த ஐஸைத் துண்டு துண்டாகப் பெயர்த்துக் கராஜுக்கு வெளியே எறிந்தேன். எறிகிற இடம் மாமாவின் ஜன்னலுக்கு நேரே என்பது எறிந்து முடிந்த பிறகுதான் தெரிந்தது. வெள்ளை ஸ்னோவில் மஞ்சள் கட்டிகள் கிடந்தன. ஜன்னலில் அவர் இருந்தார்.

மறுநாள் இரண்டு மணிக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், அதற்குப் பிறகும் இரண்டு பனிக்காலம் எங்களோடு இருந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மறக்க முடியாமல் இருப்பது அந்தச் செவ்வாய்ப் பின்னேரம்தான். அவருடைய கால் இரண்டும் வீங்கத் தொடங்கியிருந்தன. கதைக்கும்போது இடையில் நிறுத்தி மூச்சு எடுத்தார். செய்வதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை, பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர. மனைவி அரைப் பேணி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் கையால் தள்ளினார்.

"குடியுங்கோ அப்பா. இவ்வளவும் குடிக்கலாம் எண்டு சொன்னவை."

"வேண்டாம் பிள்ளை" என்றார். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு சொன்னார்: "என்ரை பங்கை நான் ஞாயிற்றுக்கிழமையே ஊத்திப்போட்டன்."

பெல்ட் பழசு மாமா என்று இன்னொரு முறை சொல்ல நான் வாயைத் திறந்தேன். பிறகு சவளை எடுத்துக்கொண்டுபோய், ஜன்னலுக்கு நேரே கிடந்த மஞ்சள் கட்டிகளை ஸ்னோவால் மூடினேன்.