மிங்கோவின் படகும் சுக்கான் துடுப்பும்

ஜெத்ரோ மிங்கோவை நான் முதலில் பார்த்தது ஊர்க்கூட்டத்தில். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மாசசூசெட்ஸ் கரையோரத்து அந்த ஊருக்குப் பள்ளி வாத்தியாராக வந்த புதிது. எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஒரு கறுப்பர் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்றார். துறையில் நிற்கும் இரண்டு பெரிய கப்பல்களும் அவருடையவை என்று பக்கத்திலிருந்தவர் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஒருவரின் மகன். மீன் பிடித்து, உப்புப் போட்டு விற்று, முதல் கப்பலைத் தன் கையாலேயே இழைத்துக் கட்டியவர்.

அன்று ஊருக்கு ஒரு மீட்புப் படகைத் தானம் கொடுக்க வந்திருந்தார். துறைக்கு வெளியே மணல்திட்டில் குளிர்காலம்தோறும் ஏதாவது கப்பல் மோதும். அதிலிருப்பவர்கள் கரையைப் பார்த்துக்கொண்டே விறைத்துச் சாவார்கள்.

சபை மூப்பர் ஓபெட் ஹாத்வே எழுந்தார். "படகை வாங்கிக்கலாம். ஆனா சுக்கான் துடுப்பு நம்ம ஆளுங்க கையிலதான் இருக்கணும்."

படகின் பின்முனையில் நின்று திசை திருப்பும் சுக்கான் துடுப்பைப் பிடிப்பவன் சொன்னபடிதான் மற்றவர்கள் துடுப்பு வலிக்க வேண்டும். கறுப்பர் 'வலி' என்றால் வெள்ளையர் வலிப்பதா? அதுதான் அவர்களை உறுத்தியது.

"நான் கட்டின படகுங்க. அது எப்படித் திரும்பும்னு எனக்குத்தான் தெரியும்."

"கட்டினே, குடுத்தே. இனி ஊர்ச் சொத்து. கிளம்பு."

கையைத் தூக்கித் தீர்மானத்தை முடித்துவிட்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு கப்பல் மணல்திட்டில் ஏறியது. பாய்மரக் கயிறுகளில் ஆட்கள் தொங்குவது கரையிலிருந்தே தெரிந்தது. கயிற்றுக் கடை வைத்திருந்த ஹாத்வே தானே சுக்கான் பிடித்தார். அலை உடையும் இடத்தில் படகைக் குறுக்கே திருப்பினார், அது கவிழ்ந்தது. நனைந்த கோழிகளாக எல்லோரும் கரையில் வந்து விழுந்தார்கள். மறுபடி போனார்கள், மறுபடி விழுந்தார்கள். அதற்குள் கயிற்றில் தொங்கிய ஒருவன் கைநழுவித் தண்ணீருக்குள் போனான்.

மிங்கோ முன்னால் வந்தார். "மூப்பரே, துடுப்பைக் குடுங்க. என்னை அப்புறமாத் திட்டிக்கலாம்."

"உன் கீழே எவன்டா வலிப்பான்?"

"நீங்கள்லாம் போய் அடுப்போரமா உட்காருங்க. என் மாலுமிங்க வலிப்பாங்க."

ஹாத்வே துடுப்பை விடவில்லை. மிங்கோ அதைப் பிடுங்கினார். வெள்ளையர்மேல் கை வைத்தால் என்ன நடக்கும் என்பது அந்த ஊரிலேயே பிறந்தவருக்குத் தெரியாததல்ல. கறுப்பர்களும் அந்தக் கரையின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களுமான அவருடைய மாலுமிகள் ஏறினார்கள். ஓர் இடம் காலியாக இருந்தது. மீனவ கிராமத்தில் வளர்ந்தவன் நான், ஏறிக்கொண்டேன்.

"வாத்தியாரே, பாடம் நடத்தாம வலிக்கத் தெரியுமா?"

அதற்குப்பின் அவர் பேசியதெல்லாம் "வலி", "நிறுத்து" மட்டும்தான். உயிரோடிருந்த நால்வரையும் கொண்டுவந்தோம். இன்னொருவர் கயிற்றோடு உறைந்து போயிருந்தார். முதல் தடவையே துடுப்பைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் ஹாத்வேயின் துணிச்சலுக்குப் பாராட்டு. மூப்பர்மேல் கை வைத்ததற்காக மிங்கோ இனி ஊர்ப்படகைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

"சரி, தொடலை," என்றார் மிங்கோ. ஊர் எல்லையில் ஓடும் ஆற்றுக்கு அக்கரையில் நிலம் வாங்கி வேறு படகு கட்டினார். யாரும் வலிக்கலாம், தெரிந்தவன் சுக்கான் பிடிக்கலாம் என்றார். வெள்ளைக்கார மீனவப் பையன்கள் முதலில் திருட்டுத்தனமாக வந்தார்கள். பிறகு பகலிலேயே வந்தார்கள்.

மிங்கோவுக்கு இப்போது பார்வை போய்விட்டது. அக்கரையில் மகள் வீட்டில் இருக்கிறார். கப்பல்களை மருமகன் பார்த்துக்கொள்கிறார். ஊர் இன்றுவரை அவருக்கு நன்றி சொல்லவில்லை.